மெட்ராஸ் சர்க்கஸ்: காசினோ மலையில் ஒரு சாலை

போன வருடம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல் நியூசிலாந்து ராணுவத்தின் அதிகாரபூர்வ போர் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 1944 மார்ச், இத்தாலி, காசினோ மலை. டாங்கிகள் எங்கே கூடின, எந்த வழியாகப் போயின என்று விவரம் வருகிற இடத்தில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: மெட்ராஸ் சர்க்கஸ்.

சர்க்கஸ்னா யானை, கூடாரம் எல்லாம் இல்லை. லண்டன் பிக்காடிலி சர்க்கஸ் மாதிரி, சாலைகள் கூடித் திரும்புகிற வட்டமான வெளி. இத்தாலியில் ஒரு மலைக்குப் பின்னால் பாத்திரம் மாதிரி குழிந்த ஒரு இடத்துக்கு யாரோ மெட்ராஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். சென்னைக்காரன் ஒருத்தனுக்கு இதுக்கு மேல தூக்கம் வருமா?

அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பல மாதம் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை. நான்காவது இந்திய டிவிஷன் என்ற காலாட்படைப் பிரிவின் கதை இது. ஆனால் காலாட்களை மட்டும் வைத்து இதைச் சொல்லப்போவதில்லை.

சிவப்புக் கழுகு

முதலில் டிவிஷன் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அந்தக் காலத்து இந்திய டிவிஷன் ஒன்றில் ஏறக்குறைய 17,000 பேர் இருப்பார்கள். மூன்று பிரிகேட், ஒவ்வொரு பிரிகேட்டுக்கும் மூன்று பட்டாலியன். ஆக ஒன்பது காலாட்படை பட்டாலியன்கள். துப்பாக்கியோடு முன்னால் போய் மோதுபவர்கள் இவர்கள்தான். கணக்குப் போட்டால் மொத்த ஆட்களில் பாதிகூட வராது. மீதிப் பேர் பீரங்கி, சிக்னல், மருத்துவம், லாரி, சமையல், பொறியாளர்கள்.

நான்காவது டிவிஷனின் சின்னம் சிவப்புக் கழுகு. 1939ல் போர் தொடங்கும் நேரத்திலேயே எகிப்துக்குப் போய்ச் சேர்ந்த இந்தியப் படை இது. 1940 டிசம்பரில் சிதி பரானியில் இத்தாலியப் படைகளை அடித்தார்கள். அடுத்த சில வாரங்களில் சூடான் வழியாக எரித்ரியாவுக்கு அனுப்பப்பட்டு, கெரன் மலைகளில் 1941 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடுமையான சண்டை. பிறகு மறுபடி வட ஆப்பிரிக்கப் பாலைவனம். 1942 ஜூனில் டோப்ருக் விழுந்தபோது டிவிஷனின் 11வது பிரிகேட் முழுசாக ரோம்மலிடம் சிறைப்பட்டது. அதிலிருந்தும் எழுந்து எல் அலமெய்ன், மாரெத், வாடி அகாரித் என்று நடந்து 1943 மே மாதம் துனிசியாவில் போரை முடித்தார்கள். கெரனில் ரிச்பால் ராம், வாடி அகாரித்தில் லால்பகதூர் தாபா, துனிசிய மலைகளில் சேலு ராம் என்று விக்டோரியா கிராஸ் வாங்கியவர்கள் இந்த டிவிஷனில் உண்டு.

இந்தப் பெயர்களைக் கவனித்தீர்களா? ராஜ்புதானா ரைஃபிள்ஸ், கூர்க்கா ரைஃபிள்ஸ். மற்ற பட்டாலியன்களைப் பார்த்தால் பஞ்சாப், அப்புறம் எஸ்ஸெக்ஸ், சஸ்ஸெக்ஸ், கேமரான் ஹைலேண்டர்ஸ் போன்ற பிரிட்டிஷ் பட்டாலியன்கள். அந்த ஒன்பதில் மெட்ராஸ் கிடையாது.

அது தற்செயல் இல்லை.

துப்பாக்கி கிடையாது, கடப்பாறை உண்டு

ஆங்கிலேயர்கள் இந்தியாவைப் பிடித்ததே மெட்ராஸ் ராணுவத்தை வைத்துத்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குடி' கொள்கை வந்தது. வடக்கே, மலையில், குளிரில் வளர்ந்தவன் வீரன். தெற்கே வெயிலில், சமவெளியில் வாழ்பவன் மெத்தனமானவன் என்பது அதன் சாரம். இதைப் பெரிய அளவில் பரப்பியவர் லார்டு ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தவர். பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானார். விளைவு, மெட்ராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. முதல் உலகப் போருக்குப் பிந்தைய சிக்கனத்தில் மிச்சம் இருந்தவையும் கலைக்கப்பட்டன. 1939ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது மெட்ராஸ் பெயரில் ஒரு ரெகுலர் காலாட்படை பட்டாலியன்கூட இல்லை. போர் முற்றி ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள்.

ஆனால் ஒரு பிரிவை மட்டும் யாரும் தொடவில்லை. மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780ல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று தொடங்கிய படை, பெங்களூர்தான் தலைமையிடம். ராணுவத்தில் இன்றும் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்கூட அப்படியே 'தம்பி' என்றுதான் எழுதுகிறார்கள்.

சாப்பர் என்றால் போர்க்களப் பொறியாளர். சாலை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, எதிரி அடைத்த வழியைத் திறப்பது, பின்வாங்கும்போது நாமே வழியை அடைப்பது, தண்ணீர் கண்டுபிடிப்பது. இதற்கு வீரம் மட்டும் போதாது. கைவேலை தெரிந்திருக்க வேண்டும். 'போர்க்குடி' கொள்கையால் சாலை போட முடியாது இல்லையா, அதனால் தம்பிகளை விட்டுவிட்டார்கள்.

நான்காவது டிவிஷனின் பொறியாளர் பகுதியில் மூன்று ஃபீல்டு கம்பெனிகள் இருந்தன. அவற்றில் ஒன்று மெட்ராஸ் சாப்பர்ஸின் 12வது ஃபீல்டு கம்பெனி. மற்ற இரண்டு வங்காள, பம்பாய் சாப்பர்கள். இயந்திரங்களும் தளவாடங்களும் வைத்திருந்த 11வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் மெட்ராஸ்தான். ஒரு கம்பெனிக்குச் சில நூறு பேர். 17,000 பேர் கொண்ட டிவிஷனுக்குள் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கேட்டிருக்கக்கூடிய சிறு மூலை அது.

மாரெத்: முடியாத பாலம்

இவர்கள் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம். 1943 மார்ச், துனிசியா, மாரெத் அரண். எதிரிக்கும் பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்துக்கும் நடுவில் வாடி ஸிக்ஸாவ் என்ற ஓடை. பெரும்பாலும் காய்ந்து கிடக்கும் ஓடைதான், ஆனால் அந்த நேரம் பார்த்து மழை. செங்குத்தான கரை, அடியில் சேறு. அதன் அந்தப் பக்கம் பிரிட்டிஷ் 50வது டிவிஷன் கால் வைத்துவிட்டது. ஆனால் டாங்கியும் பீரங்கியும் போக வழி சரியாக இல்லை. போட்ட வழியெல்லாம் சேற்றில் அமிழ்ந்தது.

அப்போது நான்காவது டிவிஷனின் சாப்பர்களைக் கூப்பிட்டார்கள். வங்காளத்துக்காரர்களும் தம்பிகளும் இரவில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, ஓடைக்குள் இறங்கி வழி போட்டார்கள். பதுங்க முடியாது, திருப்பிச் சுடவும் முடியாது. கையில் மண்வெட்டி இருக்கிறது, குனிந்து வேலை பார்க்க வேண்டும். பலர் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மேலே திட்டம் மாறிவிட்டது. மோண்ட்கோமரி அந்த இடத்தில் மோதுவதை விட்டுவிட்டு, தூரத்தில் பாலைவனம் வழியாகச் சுற்றி வளைக்கப் படையை அனுப்பினார். அந்தக் கடவு தேவையில்லாமல் போனது.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து இத்தாலியில் இது மறுபடி வரும்.

பழைய புத்தகக் கடையில் ஒரு ஜெனரல்

1944 பிப்ரவரியில் டிவிஷன் காசினோவுக்கு வந்தது. ரோமுக்குப் போகும் ஆறாம் எண் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும் மலை. உச்சியில் புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் நிறுவிய மடாலயம். அமெரிக்க 34வது டிவிஷன் அந்த மலையில் சுமார் மூன்று வாரம் முட்டி மோதி ஓய்ந்திருந்தது. இந்தியர்கள் பொறுப்பை ஏற்கப் போனபோது, குளிரில் விறைத்து நடக்க முடியாத அமெரிக்கர்கள் சிலரை ஸ்ட்ரெச்சரில்தான் இறக்க வேண்டியிருந்தது.

டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் ஃப்ரான்சிஸ் டக்கர். மடாலயம் எப்படிக் கட்டப்பட்டது, சுவர் எவ்வளவு தடிமன் என்று மேலிடத்தில் கேட்டார். உருப்படியாகப் பதில் வரவில்லை. கடைசியில் நேபிள்ஸ் நகரத்துப் புத்தகக் கடைகளில் தேடி, 1879ல் வந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து விவரம் எடுத்தார்கள். அடிப்பகுதியில் சுவர் குறைந்தது பத்தடி தடிமன். படித்ததும் டக்கர் எழுதினார்: ஒன்று, பெரிய இடிப்புக் குண்டுகளால் முழுசாகத் தகர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். அவர் விரும்பியது சுற்றிப் போவதைத்தான். ஆனால் அவருக்கு உடம்பு முடியாமல் போய், பீரங்கிப் பிரிவின் பிரிகேடியர் டிமோலின் பொறுப்பேற்றார். டக்கர் சொன்னதில் குண்டு போடச் சொன்ன பாதியை மேலிடம் எடுத்துக்கொண்டது. சுற்றிப் போகச் சொன்ன பாதியை விட்டுவிட்டது.

பிப்ரவரி 15 காலை இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து மடாலயத்தை நொறுக்கின. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்கள் இருநூறுக்கும் மேல் செத்தார்கள். அதுவரை ஜெர்மானியர்கள் மடாலயத்துக்குள் இல்லை. இடிந்த பிறகு இடிபாடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பதுங்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இதில் கொடுமை என்னன்னா, அன்றைக்கு விமானம் வரப்போகிறது என்று மலைமேல் இருந்த டிவிஷனின் ஆட்களுக்கே தெரியாது. வானிலையைப் பார்த்து விமானப்படை நாளை முன்னால் இழுத்துவிட்டது. காலாட்படை தயாராக இல்லை. அன்று இரவு ராயல் சஸ்ஸெக்ஸின் ஒரே ஒரு கம்பெனி, 3 அதிகாரிகளும் 63 வீரர்களும், 593 என்ற எண் கொண்ட முகட்டை நோக்கிப் போனது. பாதிப் பேர் விழுந்தார்கள். அடுத்த இரவு மொத்த பட்டாலியனும் போக வேண்டும். ஆனால் கையெறிகுண்டு சுமந்து வந்த கோவேறு கழுதைகள் வழியில் குண்டுவீச்சில் மாட்டி, தாமதமாக, பாதிச் சரக்கோடு வந்தன. இரண்டு இரவில் அந்த பட்டாலியனில் மோதப் போன 15 அதிகாரிகளில் 12 பேரும், 313 வீரர்களில் 162 பேரும் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். மூன்றாம் இரவு ராஜ்புதானா ரைஃபிள்ஸும் இரண்டு கூர்க்கா பட்டாலியன்களும். முட்புதருக்குள் கண்ணிவெடி, பின்னால் இயந்திரத் துப்பாக்கி. அதே முடிவு.

அதே இரவில் கீழே சமவெளியில் நியூசிலாந்தின் மாவோரி பட்டாலியன் காசினோ ரயில் நிலையத்தைப் பிடித்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால் டாங்கி வருவதற்காக நியூசிலாந்து சாப்பர்கள் ரயில் பாதை மேட்டில் இருந்த உடைப்புகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசி ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்போது விடிந்துவிட்டது. வெளிச்சத்தில் வேலை பார்க்க முடியவில்லை. டாங்கி வரவில்லை. மாலைக்குள் மாவோரிகள் திரும்ப வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் வீரத்தின் கதையாகப் படிப்பதுதான் வழக்கம். எனக்கு ஒவ்வொரு வரியிலும் சாலைதான் தெரிகிறது. கழுதைப் பாதை, உடைந்த ரயில் மேடு, கையெறிகுண்டு வந்து சேராத மேட்டு வழி. மென்பொருள் வேலையில் இருபது வருடம் ஓட்டிய எவனுக்கும் இது பழகிய கதை. முன்னால் தெரிகிற பகுதியைப் பற்றித்தான் மீட்டிங். அது விழும்போது பெரும்பாலும் காரணம், யாரும் மீட்டிங்கில் பேசாத அடித்தளம்.

பிப்ரவரி 24

மூன்றாவது தாக்குதலுக்கு பிப்ரவரி 24ஐ ஒட்டி நாள் குறித்தார்கள். தரை காய மூன்று நாள் மழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மழை விடவில்லை. ஒரு நாள் தள்ளி, இன்னொரு நாள் தள்ளி, மூன்று வாரம் போய்விட்டது. போர் வரலாறுகள் இந்த மூன்று வாரத்தை ஒரு பத்தியில் கடந்துவிடும்: 'மழையால் தாமதம்'.

சாப்பர்களுக்கு அது ஓய்வு இல்லை. பின்வாங்கிப் போன ஜெர்மானியர்கள் விட்டுப்போன கண்ணிவெடிகள் வழியெங்கும் கிடந்தன. எஸ் மைன் என்று ஒரு வகை: மிதித்தால் சில நொடி கழித்து இடுப்பளவுக்கு எகிறி வெடித்து, சுற்றிலும் இரும்புக் குண்டுகளைச் சிதறடிக்கும். ஷூ மைன் என்று இன்னொன்று: சின்ன மரப்பெட்டி, இரும்பு மிகக் கொஞ்சம் என்பதால் டிடெக்டர் எளிதில் காட்டிக்கொடுக்காது.

காசினோவுக்குத் தெற்கே, அதே ஆறாம் எண் சாலையில் மிஞ்ஞானோ என்று ஒரு ஊர். பிப்ரவரி 24 அன்று அங்கே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த மெட்ராஸ் சாப்பர்களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டு ஜில்லாவில், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். ஒரு கண்ணி மிதிபட்டது. மிதிபட்டதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் கிடைத்த சில நொடிகளில் மற்றவர்கள் தரையில் படுக்கலாம், ஓடலாம். அவர் அதன் மேல் விழுந்தார். முழு வெடியையும் அவர் உடம்பு வாங்கிக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டதாக 1944 ஜூன் 30 லண்டன் கெஜட் அறிவித்தது.

ஜார்ஜ் கிராஸ், விக்டோரியா கிராஸுக்கு நிகரான பதக்கம். ஒரே வித்தியாசம், எதிரிக்கு எதிரே நின்று மோதாத இடத்துத் துணிச்சலுக்குத் தருவது. இங்கே கொஞ்சம் நின்று யோசித்தேன். ஜெர்மானியன் புதைத்த வெடி, போர் நடக்கும் நாடு, மலைக்குப் போகும் சாலை. ஆனாலும் அந்த வகைப்பாட்டில் அது 'மோதல்' இல்லை. 'போர்க்குடி' கொள்கை தெற்கத்தி ஆளைக் காலாட்படையிலிருந்து வெளியே தள்ளியது. அதற்குப் பிறகும் அவன் சாவு, மோதும் இடத்துக்குச் சில மைல் பின்னால், வேலை பார்க்கும் இடத்தில்தான் வந்தது. பதக்கத்தின் பெயர்கூட அதைத்தான் சொல்கிறது.

கேவண்டிஷ் சாலை

மழைக்காக எல்லோரும் காத்திருந்த அதே வாரங்களில் மலைக்குப் பின்பக்கம் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மடாலயத்துக்கு வடக்கே கைரோ என்று ஒரு கிராமம். எகிப்து கைரோ இல்லை. அங்கிருந்து மலைமேல் ஏறும் ஒரு கழுதைப் பாதை உண்டு. அதை அகலப்படுத்தி ஜீப் போகும்படி செய்து, பிறகு டாங்கியே ஏறும்படி செய்ய வேண்டும். டிவிஷனின் சாப்பர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் சேர்ந்து பாறையை வெடிவைத்துப் பிளந்தார்கள், விளிம்பைக் கட்டினார்கள். ஜெர்மானியர் கண்ணில் படக்கூடிய இடங்களில் மேலே மறைப்பு வலை. அதற்குப் பெயர் கேவண்டிஷ் சாலை. அந்த ஏற்றம் முடிந்து டாங்கிகள் கூடுவதற்கு இருந்த குழிவான வெளிதான் மெட்ராஸ் சர்க்கஸ். அந்தச் சாலையில் யார் வேலை பார்த்தார்கள் என்று தெரிந்த பிறகு, பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

மார்ச் 15ல் மூன்றாவது தாக்குதல் தொடங்கியது. காசினோ நகரமே குண்டுவீச்சில் தரைமட்டமானது. 9வது கூர்க்கா ரைஃபிள்ஸின் ஒரு கம்பெனி இருட்டில் மலையேறி, மடாலயத்துக்குச் சற்றே கீழே இருந்த ஒரு பாறைத் திட்டைப் பிடித்தது. அங்கே ரோப்கார் தூண் ஒன்று தூக்குமரம் மாதிரி நின்றதால் அந்த இடத்துக்கு ஹேங்மேன்ஸ் ஹில் என்று பெயர். பின்னாலேயே மற்ற கம்பெனிகளும் போய்ச் சேர்ந்தன. மார்ச் 19 விடியலில் கூர்க்காக்களும் எஸ்ஸெக்ஸ்காரர்களும் அங்கிருந்து மடாலயத்தைத் தாக்குவது, அதே நேரத்தில் யாரும் எதிர்பாராத பின்பக்கத்திலிருந்து கேவண்டிஷ் சாலை வழியாக டாங்கிகள் வருவது. இதுதான் திட்டம். காகிதத்தில் அருமையான திட்டம்.

விடியலுக்கு முன்பே ஜெர்மன் பாராசூட் படை மடாலயத்திலிருந்து இறங்கி வந்து, கூர்க்காக்களுக்குப் போகும் ஒரே வழியில் இருந்த கோட்டைக் குன்றைத் தாக்கியது. எஸ்ஸெக்ஸ் பட்டாலியன் அதிலேயே சிக்கிச் சிதறியது. மடாலயத் தாக்குதல் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் டாங்கிகள் கிளம்பிவிட்டன. அமெரிக்க, நியூசிலாந்து, இந்தியக் குழுக்களைச் சேர்ந்த நாற்பது டாங்கி வரை மெட்ராஸ் சர்க்கஸிலிருந்து புறப்பட்டு அல்பனேட்டா என்ற பண்ணை வீட்டை நோக்கிப் போயின.

முதலில் ஜெர்மானியர்கள் அதிர்ந்துபோனார்கள். இந்த மலைமேல் டாங்கியா? சாலை போட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் டாங்கிகளுக்குப் பக்கத்தில் நடந்து வர ஒரு காலாள்கூட இல்லை. குறுகலான தடம், பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆளை டாங்கியிலிருந்து பார்க்க முடியாது. சுதாரித்துக்கொண்ட பாராசூட் வீரர்கள் கண்ணிவெடியைத் தடத்தில் வைத்து, முன்னால் போனதை நிறுத்தினார்கள். பின்னால் வந்தவை மாட்டிக்கொண்டன. மாலைக்குள் சுமார் இருபது டாங்கிகள் அழிந்தோ செயலிழந்தோ போயின. மீதி திரும்பின.

காலாட்படை போன இடத்துக்கு டாங்கி போகவில்லை. டாங்கி போன இடத்துக்குக் காலாட்படை போகவில்லை. சாலை மட்டும்தான் சொன்ன நாளில், சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹேங்மேன்ஸ் ஹில்லில் இருந்த கூர்க்காக்கள் விமானத்திலிருந்து போட்ட உணவை வைத்துக்கொண்டு இன்னும் சில நாள் தாக்குப்பிடித்து, மார்ச் 24 நள்ளிரவை ஒட்டி இறங்கினார்கள். டிவிஷன் காசினோவை விட்டுப் போனது. அந்த மலையில் இரண்டு மாதத்தில் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்ந்து மூவாயிரத்துக்கும் மேல்.

அடுத்து வந்தவர்கள்

இங்கே கதையை முடித்தால் இது தோல்விக் கதை. ஆனால் சாலை அங்கேயே இருந்தது.

மே மாதம் நான்காவது தாக்குதல். இந்த முறை மலை போலந்து இரண்டாவது கோரின் பொறுப்பு. நாட்டை ஜெர்மனியிடமும் சோவியத்திடமும் இழந்து, சைபீரிய முகாம்களிலிருந்து ஈரான், இராக், பாலஸ்தீனம் என்று நடந்து வந்த படை. அவர்களும் அதே கேவண்டிஷ் சாலையைத்தான் எடுத்தார்கள். போலந்து சாப்பர்கள் அதைச் சீர்செய்து, முன்னால் இருந்த கண்ணிவெடிகளை எடுத்து வழி திறந்தார்கள். இந்த முறை அல்பனேட்டாவை நோக்கி டாங்கியும் காலாட்படையும் சேர்ந்தே போயின. அப்போதும் சுலபமாக இல்லை. மே 12ல் முதல் மோதல் தோற்றது, 17ல் மறுபடி. தெற்கே மலைகளில் பிரெஞ்சுப் படை உடைத்துக்கொண்டு போனதால் ஜெர்மானியர்களுக்கு இருக்க முடியாத நிலை வந்தது. மே 18 காலை மடாலய இடிபாட்டின் மேல் போலந்துக் கொடி ஏறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலந்துக்காரர்கள் அந்த மலைச்சரிவிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இன்று அந்தப் பாதையை 'போலந்து சாப்பர்கள் சாலை' என்கிறார்கள். அது நியாயம்தான். அவர்கள் ரத்தமும் அதில் இருக்கிறது. வெடித்துப்போன ஒரு போலந்து டாங்கி அல்பனேட்டாவுக்குப் பக்கத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. கூகுள் எர்த்தில் பார்த்தால் மலைமடிப்பில் அந்தத் தடம் இன்னும் தெரிகிறது. மலையேற்றம் போகிறவர்கள் நடக்கிறார்கள்.

நான்காவது டிவிஷன் பிறகு கோத்திக் அரணில் சண்டை போட்டது, கிரேக்கத்துக்குப் போனது, போர் முடிந்து ஊர் திரும்பியது. மொத்தப் போரிலும் அது ஒன்றரை லட்சம் பேரைச் சிறைப்பிடித்ததாகவும், தன் பக்கம் 25,000 பேர் செத்தோ காயப்பட்டோ போனதாகவும் கணக்குச் சொல்வார்கள். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் கைரோ கிராமத்துக்கு மேலே போட்ட ஒரு மலைச்சாலை ஒன்றுமே இல்லை.

ஆனால் எனக்கு இந்த டிவிஷனின் கதையில் மறக்க முடியாதது அதுதான். மாரெத் ஓடையில் போட்ட வழியை யாரும் பயன்படுத்தவில்லை. கேவண்டிஷ் சாலையை முதலில் பயன்படுத்தியவர்கள் தோற்றார்கள். அதே சாலையில் இரண்டாவதாக ஏறியவர்கள், மொழியே தெரியாத வேறு நாட்டுக்காரர்கள், அல்பனேட்டாவைத் தாண்டினார்கள். எந்தத் திட்டத்துக்காகச் சாலை போட்டார்களோ அந்தத் திட்டம் செத்த பிறகும் சாலை வேலை செய்தது.

தமிழர்களின் இரண்டாம் உலகப் போர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பர்மா, சயாம் மரண ரயில், நேதாஜியின் படை. அவை பேசப்பட வேண்டியவைதான். கூடவே இதையும் ஒரு ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: வீரன் இல்லை என்று காலாட்படையிலிருந்து கழிக்கப்பட்ட ஊர்களிலிருந்து போனவர்கள், ஐரோப்பாவின் மிகக் கடுமையான மலைப்போர் ஒன்றில், மற்றவர்கள் ஏறுவதற்குச் சாலை போட்டார்கள்.

அடுத்த முறை காஞ்சிபுரம் பக்கம் போகும்போது கீழ்ஒட்டிவாக்கம் வழியாகப் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. மிஞ்ஞானோ வரைக்கும் போன ஒருவரின் ஊர்ச்சாலையில் ஒரு தடவை நடந்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.